அம்மா, உம்மா, பாண்: பிரெஞ்சிலிருந்து பெயர்க்கும் நாவலாசிரியருக்கு

கல்முனைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். சொந்த நாவல் ஒன்றை முக்கால்வாசி எழுதி வைத்திருக்கிறார். கொழும்பில் படித்த காலத்தில் பிரெஞ்சும் கற்றுக்கொண்டார். இப்போது ஒரு பிரெஞ்சு நாவலைத் தமிழுக்குக் கொண்டுவர ஆசை. அவர் கேட்பது மூன்று. மொழிபெயர்ப்பில் இறங்கினால் சொந்த நாவல் கெட்டுப்போகுமா? நாகரத்தினம் கிருஷ்ணா மாதிரி, நாவலும் எழுதிக்கொண்டு பிரெஞ்சிலிருந்தும் பெயர்க்கிறவர்கள் இரண்டையும் எப்படிக் கொண்டுபோகிறார்கள்? கடைசியாக, “எங்கட ஊர்த் தமிழில் பிரெஞ்சுக்காரனைக் கதைக்க வைத்தால் சிரிப்பார்களா?”

தங்கச்சி, உங்கள் உண்மையான கேள்வி மூன்றாவதுதான். அதற்குப் பதில் கிடைத்தால் மற்ற இரண்டும் தானாக அவிழும். நான் பேராசிரியர் இல்லை. 1986இல் மட்டக்களப்பை விட்டுப் போய், பாரிசில் கோப்பை கழுவி, பிரெஞ்சைக் குசினியில் (சமையலறையில்) நின்று காதால் படித்தவன். புத்தகத்துப் பிரெஞ்சு பிறகுதான் வந்தது. இப்போது திரும்பி வந்து கல்லடியில் இருக்கிறேன். இரண்டு நாவல், ஒரு மொழிபெயர்ப்புக் கதைத் தொகுதி. இன்னும் இரண்டு பெட்டி நிறைய விற்காமல் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. அந்த அளவுக்குத்தான் என் தகுதி.

ஒரு வரியை நடுவில் வைத்துக்கொண்டு பேசுவோம். ஆல்பெர் காம்யு 1942இல் வெளியிட்ட நாவல், தமிழில் ‘அந்நியன்’. வெ. ஸ்ரீராம் நேரடியாகப் பிரெஞ்சிலிருந்து பெயர்த்து க்ரியா வெளியிட்டது. என் வயதுக்காரர் பலருக்குப் பிரெஞ்சு இலக்கியம் என்றால் முதலில் கைக்கு வந்தது அந்தப் புத்தகம்தான். அதன் முதல் வரியில் இருப்பது மூன்றே சங்கதி: இன்று, அம்மா, சாவு. ‘ஓஜூர்துயி, மமோன் எ மோர்த்.’ இதில் வரும் ‘மமோன்’ பிள்ளை வாயில் வரும் சொல். அதை எப்படிச் சொல்வது என்று ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் எண்பது வருடமாக அடிபடுகிறார்கள். நமக்கு அங்கே சிக்கலே கிடையாது. அம்மா என்று எழுதினால் முடிந்தது. நமக்குச் சிக்கல் வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது.

‘இறந்துவிட்டாள்’ என்று எழுதலாம். தமிழ்நாட்டு எழுத்தில் மகன் அம்மாவை ‘அவள்’ என்பது சாதாரணம், அதில் அன்புகூட இருக்கும். நம்முடைய காதில் அது வேறு மாதிரி விழும். நம் வீட்டில் அம்மா ‘வந்தா’, ‘சொன்னா’. மூன்றாம் ஆளிடம் சொன்னால் ‘அவ’. எழுத்தில் ஏறினால் ‘சொன்னார்’. பெற்றவளை ஒருவன் ‘அவள்’ என்கிறான் என்றால் வீட்டில் ஏதோ மனஸ்தாபம் என்று பக்கத்து வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிடுவார். ஆக, சென்னையில் வெறும் செய்தியாகப் போகிற வரி, மட்டக்களப்பில் பாதிக் குற்றப்பத்திரமாகிவிடும். பிரெஞ்சு வரியில் இந்த வால் இல்லை. செத்தது பெண் என்று மட்டும் அது சொல்லும். மகன் அம்மாவை எந்த உயரத்தில் வைத்திருந்தான் என்று சொல்லாது. அந்த நாவலின் நீதிமன்றமோ அதைத்தான் தோண்டுகிறது: இவன் அம்மாவின் சாவுக்கு அழாதவன். நாம் ‘ஆள்’ போட்டாலும் ‘ஆர்’ போட்டாலும், வழக்குத் தொடங்க முன்னமே தீர்ப்பை வாசித்துவிடுகிறோம்.

நான் ஒரு கொப்பியில் இதற்குப் பதினொரு விதம் எழுதிப் பார்த்திருக்கிறேன். இப்போதைக்குப் பென்சிலில் நிற்பது: ‘இன்றைக்கு அம்மா செத்துப்போனா.’ ‘செத்து’ கொஞ்சம் முரடு. ‘போனா’ வீட்டுச் சூடு உள்ள வால். ஒன்று தள்ளுகிறது, மற்றது இழுக்கிறது. இவன் அழுவானா மாட்டானா என்று அந்த வரியை வைத்துச் சொல்ல முடியாது. இப்படித் தொடங்கினால் நாவல் முழுவதையும் பேச்சுக்குக் கிட்டத்தில் வைக்க வேண்டி வருமே என்று கேட்பீர்கள். வரும். அதற்குக் காம்யுவே இடம் கொடுத்திருக்கிறார். பிரெஞ்சு நாவல்கள் வழக்கமாகக் கதை சொல்ல ஒரு தனி இறந்தகாலத்தை வைத்திருக்கின்றன. அது புத்தகத்தில் மட்டும் உலாவுவது, கடையில் சாமான் வாங்கும்போது யாரும் அதைப் பேசமாட்டார்கள். காம்யு அதை விட்டுவிட்டு, கடையில் பேசுகிற இறந்தகாலத்திலேயே முழு நாவலையும் நடத்தினார். அந்தக் காலத்து வாசகருக்கு அது காதில் உறைத்திருக்கும்.

அடுத்த வரிகளில் முதியோர் இல்லத்திலிருந்து வந்த தந்தி. அங்கே ‘மமோன்’ போய்விட்டது, ‘மேர்’ (தாய்) வந்துவிட்டது. ‘செத்தா’ போய், அலுவலகச் சொல் வந்துவிட்டது. இதற்கு நாம் யோசிக்கவே வேண்டியதில்லை. இலங்கை வானொலியின் மரண அறிவித்தலைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் அந்தக் குரல் தெரியும். ‘தாயார் காலமானார். நாளை நல்லடக்கம்.’ மகன் வாயில் ‘செத்துப்போனா’, தந்தியில் ‘காலமானார்’. இந்த இரண்டு தமிழுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் அந்தப் பக்கத்தில் காம்யு செய்திருக்கும் வேலை. அது நம்மிடம் தயாராக இருக்கிறது, எடுத்து வைத்தால் சரி.

இப்போது கல்முனைக்கு வருகிறேன். காம்யுவின் நாவலில் கடற்கரையில் சுடப்பட்டுச் சாகிறவனுக்குப் பெயர் கிடையாது. ‘அராபியன்’, அவ்வளவுதான். அதற்கு அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவூத் 2013இல் ஒரு நாவலால் பதில் சொன்னார். செத்தவனின் தம்பி கதை சொல்கிறான். அண்ணனுக்குப் பெயர் மூசா, தம்பி ஹாரூன். சம்மாந்துறையிலோ சாய்ந்தமருதிலோ ஒரு வகுப்பறையில் இந்த இரண்டு பெயரையும் கூப்பிட்டால் நாலு பேராவது எழும்புவார்கள். அந்த நாவலின் முதல் வரி காம்யுவின் வரியைத் திருப்பிப் போடுகிறது: இன்று அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறா. ஆனால் அங்கே ‘மமோன்’ இல்லை. ‘ம்மா’ என்று அரபு வாடை அடிக்கும் ஒரு கூப்பாடு.

இதை எப்படித் தமிழில் வைப்பது? ஊரில் முஸ்லிம் பிள்ளைகள் உம்மாவை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ‘இன்றைக்கு உம்மா இன்னும் உயிரோடதான் இருக்கா.’ காம்யுவுக்கு ‘அம்மா’, தாவூதுக்கு ‘உம்மா’. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஒரே தமிழ், இரண்டு வீடு. பிரெஞ்சு மொழி அரபிலிருந்து கடன் வாங்கித்தான் காட்ட முடிந்த அந்தப் பிளவை, அம்பாறைக் கரையோரத் தமிழ் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது. மையத்து, ஜனாஸா, மையவாடி என்ற சாவு வீட்டுச் சொற்கள் எல்லாம் அடிக்குறிப்பு இல்லாமல் உங்கள் பேனாவிலிருந்து வரும். மூசாவின் உடல் கிடைக்கவே இல்லை. உடல் கிடைக்காத பிள்ளைக்காக ஒரு தாய் வருடக்கணக்கில் அலைவதை நம் கரையில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே எத்தனை பேர் பெயர்த்திருந்தாலும், அந்த ‘உம்மா’வைப் போட்டு ஒருவர் பெயர்க்க இடம் இருக்கிறது.

இனி ‘நீ’யும் ‘நீங்க’ளும். பிரெஞ்சில் ‘த்யு’, ‘வூ’. இதில் ஆங்கிலம் வழியாகப் பெயர்க்கிறவர்கள் பாவம், அவர்களுக்கு அங்கே ஒரே ஒரு சொல்தான் கிடைக்கும். யார் யாரை எப்போது நீ போட்டார்கள் என்பது வழியிலேயே உதிர்ந்துவிடும். ‘அந்நியன்’ கதையில் பக்கத்து அறைக்காரன் ரெமோன் தன் காதலியோடு பட்ட சண்டையைச் சொல்லிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் கதாநாயகன் மெர்சோவை நீ போட்டுக் கதைக்கத் தொடங்கிவிடுகிறான். மெர்சோ அதை முதலில் கவனிக்கவில்லை என்று ஒரு வரி வரும். சின்ன வரி. ஆனால் அந்த இடத்தில்தான் இவன் அவனுடைய ஆளாகிறான், பிறகு துப்பாக்கி வரைக்கும் போகிறது. ‘அவன் என்னை நீ போட்டுக் கதைப்பதை நான் முதலில் கவனிக்கவில்லை’ என்று தமிழில் வியர்க்காமல் எழுதிவிடலாம்.

பாரிசில் ஒருநாள் மெட்ரோ வாசலில் பொலிஸ்காரர் கடதாசி பார்த்தார்கள். எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரருக்கு ‘வூ’. எனக்கு ‘த்யு’. குசினியில் பெரிய சமையல்காரர் எல்லோரையும் ‘த்யு’ என்றுதான் கூப்பிடுவார், அது வேறு, அதில் வியர்வை நாற்றம் சமம். வாசலில் கிடைத்த ‘த்யு’ அந்த ஜாதி இல்லை. அதை நான் தமிழில் எழுதினால் வெறும் ‘நீ’ போதாது, ‘டேய்’ போட வேண்டும். அகராதியில் இரண்டுக்கும் ஒரே பொருள்தான் இருக்கும்.

சரி, பாண் (தமிழ்நாட்டில் பிரெட் என்பார்கள்). என் தொகுதியில் ஒரு கதை. கிழவர் ஒருவர் நீளப் பாணைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார். அச்சிடக் கொடுத்த இடத்தில் (பெயர் வேண்டாம், நல்லவர்கள்தான்) ‘பாண்’ எல்லாவற்றையும் ‘ரொட்டி’ ஆக்கி, ‘கதிரை’யை ‘நாற்காலி’ ஆக்கி, ‘அலுமாரி’யை ‘பீரோ’ ஆக்கி அனுப்பினார்கள். புத்தகம் வந்த பிறகுதான் நான் பார்த்தேன். ஊரில் என் மச்சாள் அந்தக் கதையைப் படித்துவிட்டு, “என்ன, கிழவன் தேங்காய்ப்பூ ரொட்டியைக் கக்கத்துக்குள்ள வெச்சிக்கொண்டா படி ஏறுறான்?” என்று கேட்டா. நியாயமான கேள்வி. நம் ஊரில் ரொட்டி வட்டம், சம்பலோடு தின்பது. பாண் பாண்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தச் சொற்களை நமக்குத் தந்துவிட்டுப் போனவர்கள் போத்துக்கீசர். 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டினார்கள், பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்தார்கள். கோட்டை கை மாறியது, சொல் தங்கிவிட்டது. போத்துக்கீசமும் பிரெஞ்சும் ஒரே இலத்தீன் வயிற்றுப் பிள்ளைகள். அதனால் பாணுக்குப் பிரெஞ்சுச் சொல் கிட்டத்தட்டப் பாண் மாதிரியே ஒலிக்கும். குசினிக்கு ‘குய்ஸின்’. அலுமாரிக்கு ‘ஆர்முவார்’. களிசானுக்கு (காற்சட்டைக்கு) ‘கல்சோன்’, இதை முதல்முறை பாரிஸ் கடையில் கேட்டபோது நான் சிரித்தே விட்டேன். போத்துக்கீசக் கிரியோல் பேசுகிற பறங்கியர் குடும்பங்கள் இன்றும் மட்டக்களப்பில் இருக்கிறார்கள். பிரெஞ்சு நாவலில் ஓர் அறையை விவரிக்கும்போது, அறைச் சாமான்களின் பெயர் நம் தமிழில் மூலத்துக்குச் சித்தி மகள் முறையில் வந்து நிற்கும். இதைத் திருத்தி ‘பீரோ’ ஆக்குவது, இருக்கிற உறவை அறுத்துவிட்டு இல்லாத ஒன்றை ஒட்டுவது. (பீரோவும் பிரெஞ்சுச் சொல்தான் என்பது தனிக் கூத்து. அங்கே அது மேசை, அல்லது கந்தோர், அதாவது அலுவலகம்.)

இன்னொரு சொல். பிரெஞ்சில் விடியலுக்கு இரண்டு படி உண்டு. முதலில் ‘ஓப்’, வானம் வெளுப்பது. பிறகு ‘ஓரோர்’, சிவப்பது. ‘ஓப்’ இலத்தீனில் வெள்ளை என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் வயல்காரர் ‘வெள்ளாப்பில எழும்பி வட்டைக்குப் போனன்’ என்பார்களே, அந்த வெள்ளாப்பு அதுவேதான். கலர் உட்படப் பொருந்துகிறது. காம்யுவின் கடைசிப் பகுதியில் மெர்சோ சிறையில் படுத்திருந்து காதைக் கொடுத்துக் கேட்கிறான், ஏனென்றால் ஆட்களைக் கொல்லக் கூட்டிப்போக வருகிறவர்கள் வெள்ளாப்பில்தான் வருவார்கள் என்று அவனுக்குத் தெரியும். ‘அதிகாலை’ என்று போட்டால் பொருள் சரி. ‘வெள்ளாப்பு’ என்று போட்டால், வெள்ளாப்பில் இராணுவச் சுற்றிவளைப்புக்கு எழும்பியவர்களுக்கு முதுகு சில்லிடும். சென்னை வாசகருக்கும் வெள்ளை தெரியும், அவர் பொருளைப் பிடித்துக்கொள்வார்.

ஆனால் எல்லாவற்றையும் இப்படிக் கொட்டக் கூடாது. என் முதல் கைப்பிரதியில் பாரிசுக் கட்டடத்தின் வாசல்காரக் கிழவி, வாடகைக்கு இருக்கும் பொடியனை “என்ன மனே, மறுகா எப்ப வருவாய்?” என்று கேட்டா. எனக்கு ஒரே பெருமை. நண்பர் ஒருவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சிரிசிரி என்று சிரித்துவிட்டு, “கிழவி ஆரையம்பதியா, களுவாஞ்சிக்குடியா?” என்றார். அதோடு வெட்டினேன். பாணும் அலுமாரியும் பொருளோடு நிற்பவை, பொருள் எந்த ஊரில் இருந்தாலும் சொல் அதன்மேல் உட்காரும். ‘மனே’யும் (மகனே) ‘மறுகா’வும் (பிறகு) ஆளைக் காட்டிக்கொடுப்பவை. வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும். அப்படியானால் ‘உம்மா’ எப்படிச் சரி என்று கேட்டால், அங்கே மூலமே ஒரு வீட்டை மற்ற வீட்டிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. மூலம் காட்டாத இடத்தில் நாம் காட்டினால் கூத்துக் களரியில் ராசாவுக்குக் களிசான் போட்டுவிட்ட மாதிரி.

முதல் கேள்விக்கு இனிப் போகலாம். சொந்த நாவல் கெடுமா? கொஞ்சக் காலத்துக்குக் கெடும், மறைக்க மாட்டேன். ஆறு மாதம் பிரெஞ்சோடு இருந்தால் உங்கள் தமிழ் வாக்கியம் தலைகீழாக நடக்கத் தொடங்கும். பிரெஞ்சில் ஆளை முதலில் சொல்லிவிட்டு, அவன் எப்படிப்பட்டவன் என்பதைப் பின்னால் ரயில் பெட்டி மாதிரிக் கோத்துக்கொண்டே போகலாம். தமிழில் பெட்டிகள் எல்லாம் முன்னால், எஞ்சின் கடைசியில். ‘நேற்று மழையில் நனைந்துகொண்டு வந்த, காலில் சப்பாத்து இல்லாத கிழவர்’ என்றுதான் வரும். பிரெஞ்சு வாக்கியம் கடைசியில் ஒளித்து வைத்த சங்கதி, தமிழில் வாசலிலேயே வந்து நின்றுவிடும். அதைத் திரும்பக் கடைசிக்குத் தள்ள என்னென்ன வித்தை உண்டு, வாக்கியத்தை எங்கே உடைப்பது, எங்கே ‘போய், நின்று, பார்த்து’ என்று வினையெச்சத்தால் கோப்பது: இதைப் படிக்க மொழிபெயர்ப்பை விட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. சொந்தமாக எழுதும்போது கஷ்டமான வாக்கியம் வந்தால் நாம் நைசாக வேறு வழியால் போய்விடுவோம். மொழிபெயர்ப்பில் அந்த வழி அடைப்பு.

மார்செல் ப்ரூஸ்த் தன் பெரிய நாவலைத் தொடங்க முன்னர், ஜோன் ரஸ்கின் என்ற ஆங்கிலேயரின் இரண்டு புத்தகங்களைப் பிரெஞ்சுக்குக் கொண்டுவந்தார், 1904இல் ஒன்று, 1906இல் ஒன்று. அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது. அவருடைய அம்மா முதல் வரைவைச் செய்து கொடுப்பா, மகன் அதன்மேல் உட்கார்ந்து இழைப்பார். அந்த நீண்ட வாக்கியத்துக்கு மூச்சுப் பழகியது அந்த மேசையில்தான் என்று நான் நினைக்கிறேன். அவருடைய நாவலின் முதல் பாகம் 1913இல் வந்தது.

இன்னொன்று, உங்கள் நாவலுக்கு நேரடியாகக் கை கொடுப்பது. பிரெஞ்சில் ஓர் இறந்தகாலம் உண்டு, முடிந்த காரியத்தைச் சொல்லாமல், அந்தக் காலத்தில் அப்படி நடந்துகொண்டே இருந்தது என்று சொல்வது. ஆங்கிலத்தில் அதற்குச் சுற்றி வளைக்க வேண்டும். அங்கிருந்து வருகிறவர்கள் தமிழிலும் ‘வழக்கமாகச் செய்துகொண்டிருந்தார்’ என்று இழுப்பார்கள். நம் பாட்டிகள் எப்படிச் சொல்லுவார்கள்? ‘ஞாயிற்றுக்கிழமை மாமா வருவார். கதிரையில் இருப்பார். ஒன்றும் கதைக்கமாட்டார். பின்னேரம் எழும்பிப் போவார்.’ எதிர்கால வினை, ஆனால் மாமா செத்து முப்பது வருடம். இதை ஃப்ளோபேரின் பக்கம் ஒன்றைப் பெயர்க்கும்போதுதான் நான் கண்டுபிடித்தேன். வீட்டிலேயே கிடந்த சாமான், பிரெஞ்சுக்காரன் வந்து காட்ட வேண்டியிருந்தது. என் இரண்டாவது நாவலின் பாதி அந்த ‘வருவார், இருப்பா’ரில்தான் நிற்கிறது.

அதே மாதிரி ‘நூ’. அதைத் தமிழில் ‘நாங்கள்’ என்பதா ‘நாம்’ என்பதா? பிரெஞ்சுக்கு இந்தப் பேதமே தெரியாது. ஃப்ளோபேரின் ‘மதாம் பொவாரி’ வகுப்பறையில் தொடங்குகிறது. புதுப் பொடியன் உள்ளே வருகிறான், ‘நூ’ பார்த்துக்கொண்டிருக்கிறது. வாசகர் அந்த வகுப்பில் இல்லை, ஆக ‘நாங்கள்’. கொஞ்சத்தில் அந்தக் குரல் காணாமலே போய்விடும். ஒவ்வொரு ‘நூ’விலும் நீங்கள் நின்று, கதை சொல்கிறவன் வாசகரைத் தோளில் கை போட்டுக் கூட்டிப்போகிறானா, கதவுக்கு வெளியே நிறுத்துகிறானா என்று தீர்மானிக்க வேண்டும். ஒரு நாவலில் நூறு தடவை இதைச் செய்தவர், தன் நாவலில் ‘நாம்’ என்று சும்மா எழுதமாட்டார்.

என் பெரிய தவறையும் சொல்லிவிடுகிறேன். காற்றில்லாத கடலுக்குப் பிரெஞ்சில் ‘எண்ணெய்க் கடல்’ என்பார்கள், அவ்வளவு வழுவழுப்பு என்று. எனக்கு அது தெரியாமல், கப்பல் ஏதோ உடைந்து எண்ணெய் கசிந்துவிட்டது என்று நினைத்து, ‘எண்ணெய் படர்ந்த கடல்’ என்று எழுதி, அது அச்சிலும் வந்துவிட்டது. பிறகு ஒருநாள் வாவிக்கரையில் நின்றபோது அந்தத் தொடரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ‘எண்ணெயின்’ என்பதற்கான அந்தப் பிரெஞ்சு ஒலி நம் காதில் ‘துயில்’ என்று விழுகிறது. கடல் துயில். தற்செயல்தான், சொற்பிறப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் இரண்டாம் பதிப்பு வந்தால் (கட்டிலுக்குக் கீழே இருப்பது முடிந்தால்தானே) அப்படியே ‘கடல் துயின்றது’ என்று வைப்பேன்.

நாகரத்தினம் கிருஷ்ணாவைப் பற்றிக் கேட்டீர்கள். புதுச்சேரி மண்ணிலிருந்து போய் ஸ்ட்ராஸ்பூரில் இருப்பவர். ‘நீலக்கடல்’, ‘மாத்தாஹரி’, ‘கிருஷ்ணப்ப நாயக்கர் கௌமுதி’ என்று நாவல்கள். பிரெஞ்சிலிருந்து, ஃப்ரான்சுவாஸ் சகோன் பதினெட்டு வயதில் எழுதிப் புகழ்பெற்ற நாவலை ‘வணக்கம் துயரமே’ என்றும், மார்கெரித் த்யூராவின் 1984ஆம் ஆண்டு கோன்கூர் பரிசு நாவலைக் ‘காதலன்’ என்றும், லெ கிளேசியோவின் முதல் நாவலைக் ‘குற்ற விசாரணை’ என்றும் கொண்டுவந்தார். நான் பார்ப்பது அவர் எதைத் தேர்ந்தார் என்பதை. ‘நீலக்கடல்’ பிரெஞ்சுக்காரர் காலத்து மொரீசியசுக்குப் போகிறது. லெ கிளேசியோவின் குடும்ப வேர் மொரீசியசில். ‘காதலன்’ நடப்பது சைகோனில், சைகோனையும் புதுச்சேரியையும் தலைப்பிலேயே சேர்த்து ஒரு நாவலும் அவரிடம் இருக்கிறது. தன் நாவல் போகிற கப்பலிலேயே மொழிபெயர்ப்பும் போகிறது. நேரத்தை இப்படிப் பங்கு போட்டார் அப்படிப் பங்கு போட்டார் என்று நாம் ஊகிப்பதை விட, இது உங்களுக்கு உதவும்: உங்கள் நாவல் எந்தக் கரையில் நிற்கிறதோ, அந்தக் கரையைப் பார்த்து நிற்கிற பிரெஞ்சு நாவலைத் தேடுங்கள். ‘வணக்கம் துயரமே’ என்ற தலைப்பைத் தனியாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள். மூலத்தில் இருப்பது தெருவில் யாருக்கும் சொல்லும் சாதாரண முகமன். ‘வணக்கம்’ அதை மேடைக்கு ஏற்றாமல் அப்படியே பிடித்திருக்கிறது.

இந்தக் கரையில் நீங்கள் முதல் ஆளும் இல்லை. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1926இல் ‘மதங்க சூளாமணி’யில் ஷேக்ஸ்பியரைச் சிலப்பதிகாரத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். கல்முனைக்குடி எம்.ஏ. நுஃமான் பலஸ்தீனக் கவிதைகளை 1981இல் புத்தகமாகத் தந்தார். மட்டக்களப்பில் நெடுங்காலம் படிப்பித்த எஸ்.பொ. (எஸ். பொன்னுத்துரை) ‘தீ’யும் ‘சடங்கு’ம் எழுதிய கையால் ஆப்பிரிக்க நாவல்களைப் பெயர்த்தார். அவற்றில் செனகல் நாட்டுச் செம்பென் உஸ்மான் 1973இல் பிரெஞ்சில் எழுதிய ‘ஹால’வும் ஒன்று. அது ஆங்கிலம் வழியாக வந்தது. உங்களுக்கு நேர்வழி இருக்கிறது.

உரிமை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அலுப்பான சங்கதி. இலங்கையில் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் இறந்து எழுபது வருடம் உரிமை உண்டு. இந்தியாவில் அறுபது. காம்யு 1960 ஜனவரியில் வாகன விபத்தில் இறந்தார். ஆகவே இந்தியாவில் அவர் பொதுவுடைமை, இங்கே 2030 முடியும்வரை இல்லை. தாவூத் உயிரோடு இருப்பவர், அனுமதி இல்லாமல் ஒரு பக்கமும் அச்சிடாதீர்கள். பிரெஞ்சுப் பதிப்பகங்களில் வெளிநாட்டு உரிமைக்கென்று தனிப் பிரிவு இருக்கும், சின்ன மொழிக்குக் கேட்டால் பெரும்பாலும் அடித்துப் பிடிக்கமாட்டார்கள். பிரான்சின் தேசியப் புத்தக மையம் மொழிபெயர்ப்புக்குப் பணம் கொடுக்கிறது. ஆர்ல் நகரத்தில் மொழிபெயர்ப்பாளர் போய்த் தங்கி வேலை செய்ய ஒரு இல்லமும் உண்டு. அகராதிக்கு, பதினாறு தொகுதிப் பிரெஞ்சுப் பேரகராதி இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. புதுச்சேரிப் பாதிரிமார் 1855இல் அச்சிடத் தொடங்கிய தமிழ்–பிரெஞ்சு அகராதியையும் விட்டுவிடாதீர்கள். இன்றைய அகராதிகள் கைவிட்ட நாட்டுச் சொல் சிலது அதில் பிரெஞ்சு அர்த்தத்தோடு படுத்திருக்கும்.

இப்போதைக்கு நாவல் முழுவதையும் தொடாதீர்கள். முதல் பன்னிரண்டு பக்கத்தை எடுங்கள். ‘த்யு’வும் ‘வூ’வும் வருமிடத்தைச் சிவப்பிலும், ‘நூ’ வருமிடத்தை நீலத்திலும் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நீ, நீங்கள், டேய், நாங்கள், நாம், எது என்று எழுதி, ஏன் என்று ஒரு வரியும் போட்டு எனக்கு அனுப்புங்கள். ‘உம்மா’ வருமிடத்தில் ஒன்றும் எழுத வேண்டாம். அதை நான் உங்களிடம் கேட்டுத்தான் படிக்க வேண்டும்.